வராதவர்களின் நாற்காலி

ஏழேகால் மணி. அதுவரை பல்லில் ஒரு பருக்கை படாது. மதியம் சாப்பிட்டதோடு சரி. நாலு மணிக்கு எதிர்க் கடையிலிருந்து தேநீர் வந்தால் குடிப்பார். கூடவே வரும் பிஸ்கட்டைத் தொடமாட்டார். கை ஊசியில் நூல் கோக்கும், கண் மட்டும் தையல் மேசையின் மூலையில் கிடக்கும் போனுக்குப் போய்ப் போய் வரும். ஏழேகாலுக்குள் அது ஒரே ஒரு முறை அடித்து நின்றுவிட்டால் அன்றைக்கு ராஜ விருந்து. அடிக்காவிட்டால் ஷட்டரை இறக்கி, வீட்டுக்குப் போய், மதியத்து மீதியைச் சூடுபண்ணி இரண்டு தட்டு சாப்பிடுவார்.

"ஒரு தட்டு பசிக்கு. இன்னொண்ணு ஏமாந்ததுக்கு."

தெருவில் எல்லோருக்கும் அவர் ஜிப்பக்கா. கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பார், இடுப்பைப் பிரித்துக் கொடுப்பார், கிழிந்த பாக்கெட்டுக்குத் துணி வைப்பார். ஆனாலும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஜிப் போனவர்கள். "மனுஷன் குண்டாவான், ஒல்லியாவான், அது அவனவன் இஷ்டம். ஜிப் மட்டும் ஒருநாள் போயே தீரும். அதனாலதான் நம்ம வீட்டு அடுப்பு எரியுது" என்பார். வயது நாற்பத்து நான்கு. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். அது இருக்கும்போதே இவ்வளவு பேசுகிறவர், எடுத்துவிட்டால் எப்படிப் பேசுவார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கடைக்குப் பக்கத்தில், அதே கட்டடத்தில், கனமான மரக்கதவு ஒன்று. பெயர்ப்பலகை இல்லை. பெரிய இடங்களுக்குப் பலகை தேவைப்படாது போலிருக்கிறது. கதவுக்கு உள்ளே நீளமாக ஒரே ஒரு மரமேடை, அதன் முன்னால் எட்டு நாற்காலிகள், மேடைக்கு அந்தப் பக்கம் கத்தியோடு ஒரு மனிதர். ஒமக்காசே என்கிற ஜப்பானிய முறை. மெனு கிடையாது, 'எனக்கு அது வேண்டும்' கிடையாது. பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார வேண்டும். அவர் ஒரு விரல் நீளச் சோற்றை உள்ளங்கையில் பிடித்து, மேலே ஒரு துண்டு மீனைப் போர்த்தி, முன்னால் வைப்பார். வைத்ததும் வாயில் போட வேண்டும். பிறகு அடுத்தது. கடல் தீரும்வரை இப்படியே போகும். மாதக்கணக்கில் காத்திருந்து, முன்கூட்டியே பணம் கட்டித்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியும்.

கத்திக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பேச்சு அளந்துதான் வரும். உணவகத்தை நடத்துவது அவருடைய அக்கா. ஜிப்பக்காவுக்கு அவர் மேனேஜரம்மா. மாஸ்டருக்கு உலகத்தில் பிடிக்காத காட்சி ஒன்றுண்டு: காலி நாற்காலி. எட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் கை போக வேண்டும், எட்டு வாயும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும். நடுவில் ஒன்று காலியாக இருந்தால், "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளிப்பார். அன்று சோறுகூடச் சரியாகப் பிடிபடாதாம்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாஸ்டரின் வெள்ளைக் கோட்டுக்குக் கை குறைத்துக் கொடுக்கப் போனவர் ஜிப்பக்கா. அன்று ஒரு நாற்காலி காலி. மேனேஜரம்மா இவரை மேலும் கீழும் பார்த்தார், கோட்டை வாங்கிக்கொண்டார், தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். "சும்மா உக்காருங்கக்கா. வச்சதைச் சாப்பிடுங்க. பணம் வந்தாச்சு, ஆளுதான் வரலை." அன்று தொடங்கிய உத்தியோகம். அதிலிருந்து யாராவது வராமல் போனால், ஏழேகாலுக்குள் மேனேஜரம்மா ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். பந்திக்கு முந்தச் சொன்னது பழமொழி; முந்திப் பணம் கட்டியவர் வராமல் போனால், பிந்தியவருக்கும் இலை உண்டு என்று கண்டுபிடித்தவர் ஜிப்பக்கா.

இதற்காக மேசையின் கீழ் இழுப்பறையில், நூல் சுற்றிய பாபின்களுக்கு அடியில், தனி ஏற்பாடு வைத்திருக்கிறார். ஒரு கறுப்புச் சட்டை, ஒரு சீப்பு, ஒரு ஜோடிக் கம்மல். மீனின் மணத்தைக் கெடுக்கும் என்பதால் அங்கே சென்ட் போட்டுக்கொண்டு போகக்கூடாது. ஜிப்பக்கா சென்ட் போடுகிறவரில்லை. அவர் மேல் மெஷின் எண்ணெய் மணக்கும். அதற்கு அரை மூடி எலுமிச்சம்பழத்தை முழங்கைவரை தேய்த்துக் கழுவுவார். உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி: "இன்னைக்கு நான் யாரு?"

"வக்கீல்" என்பார் மேனேஜரம்மா. அல்லது "பல் டாக்டரோட தங்கச்சி". வக்கீலாக இருக்கும் நாட்களில் ஜிப்பக்கா கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

வீட்டில் இதைப் பற்றி மூன்று கருத்துகள் உண்டு. வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். "பச்சை மீனா? பூனைக்குத் தெரிஞ்சா நம்மளை மதிக்காது" என்பது அவர் கட்சி. கல்லூரியில் படிக்கும் மகள், தோழிகளிடம் அம்மாவைப் பற்றிப் பெருமையடித்து, நம்பாதவர்களிடம் சண்டையும் போட்டிருக்கிறாள். மாமியார் மட்டும் இன்றுவரை நம்பவில்லை. "சும்மா யாரு போடுவா? பாத்திரம் கழுவ வைக்கிறாங்கன்னு சொல்லேன், என்ன குறைஞ்சு போச்சு?"

அந்த மேடையில் உட்கார்ந்து ஜிப்பக்கா பார்த்த மனிதர்கள் பலவிதம். முதல் துண்டிலேயே கண் கலங்கியவர்கள் உண்டு. எல்லாவற்றையும் படம் பிடித்து, பிடித்து முடிப்பதற்குள் சோறு சரிந்து, மாஸ்டரின் முறைப்பை வாங்கியவர்கள் உண்டு. ஆஜானுபாகுவான ஒருவர், கடைசித் துண்டும் முடிந்து பழம் வந்த பிறகு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "சாப்பாடு எப்போ வரும்?" யானைப் பசிக்குச் சோளப்பொரி. அவரைப் போன்றவர்கள் மறுநாள் 'பசியோடு வந்தேன், பசியோடு போனேன்' என்று இணையத்தில் எழுதுவார்கள். அதே இரவு, அதே மீனைத் தின்ற பக்கத்து நாற்காலிக்காரர் 'பிறவிப் பயன்' என்று எழுதியிருப்பார்.

பல மதிப்புரைகளில் இன்னொரு விஷயமும் வரும். 'பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மையார் சிரித்துக்கொண்டே இருந்தார்' என்று. பாராட்டுகிறவர்களும் அதைத்தான் எழுதினார்கள், குறை சொன்னவர்களும் அதைத்தான் எழுதினார்கள். ஜிப்பக்காவுக்கு மீன்களின் ஜப்பானியப் பெயர்கள் நிற்காது. அவரே பெயர் வைப்பார். கொழுப்பு வழியும் சூரை மீன் 'வெண்ணெய்ப் பையன்'. மூக்குக்குள் ஏறி உச்சியில் அடிக்கும் அந்தப் பச்சை விழுது 'கடன்காரன்'. இந்தப் பெயர்களைக் கேட்டுப் பாதி மேடை குலுங்கும். முதல் நாற்காலியில் அடிக்கடி வந்து உட்காரும் ஒரு ரசிகர் மட்டும் குலுங்கமாட்டார். ஒவ்வொரு துண்டுக்கும் கண்ணை மூடிக்கொள்வார். தியான சார் என்று அவருக்குப் பெயர். வைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு ஆசை எதற்கு என்று மகள் ஒருநாள் கேட்டாள். ஜிப்பக்கா வாயிலிருந்த ஊசிகளை எடுத்துவிட்டுப் பதில் சொன்னார். "வீட்டுல நாலு பேருக்கு ஆக்கறேன். கடைசியா அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டே வழிச்சுத் தின்னுட்டு வந்துடறேன். நான் சாப்பிட்டு நீ பாத்திருக்கியா? அங்க ஒரு பெரிய மனுஷன், நான் மென்னு முழுங்கற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கறாருடீ. முழுங்கினப்புறம்தான் அடுத்ததை வைக்கறாரு."

போன மாதம் ஒரு மழை நாளில் மிஸ்டு கால் வந்தது. எலுமிச்சம்பழம், கறுப்புச் சட்டை, கம்மல். "இன்னைக்கு நான் யாரு?"

மேனேஜரம்மா காதோடு சொன்னார்: "சம்சாரம். அதோ, அந்தக் கண்ணாடிக்காரருக்கு. கல்யாண நாளாம். வர்ற வழியில சண்டை. அந்தம்மா சிக்னல்ல கார்லேருந்து இறங்கிப் போயிட்டாங்களாம்."

கண்ணாடிக்காரர் மழையில் நனைந்த மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். முதல் துண்டை வாயில் போட்டார்; அது மீனா, அட்டையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"என்ன சார், மீன் உங்களைப் பாத்து முறைச்சுதா?"

"இது... என் வைஃபோட சீட்டுங்க."

"தெரியும் சார். காலியா விட்டா மாஸ்டருக்கு ஆகாது. அதான் என்னை உக்கார வச்சிருக்காங்க."

மூன்றாவது துண்டில் அவர் வாய் திறந்தார். ஐந்து மாதம் முன்பே ரகசியமாகப் பதிவு செய்தாராம். இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று காரில் வைத்துச் சொன்னாராம். "அதுக்கு அவ சொல்றா, 'இருபது வருஷமா நீங்க சொன்ன ஓட்டல்ல, நீங்க சொன்னதைத்தான் சாப்பிடறேன். இன்னைக்காவது என்ன வேணும்னு கேப்பீங்கன்னு பாத்தா, கேக்கவே கூடாதுன்னு சட்டம் போட்ட கடைக்குக் கூட்டிட்டுப் போறீங்க.' இது நியாயமாங்க?"

"அவங்க சொன்னதுல என்ன தப்பு?"

"நீங்களும் அவ கட்சியா?"

"அவங்க நாற்காலியில உக்காந்துக்கிட்டு உங்க கட்சி பேச முடியுமா சார்?"

கண்ணாடிக்காரர் திகைத்தார். பிறகு கடன்காரன் அவர் மூக்கில் ஏறினான். கண்ணில் தண்ணீர் கொட்ட, மேடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். வெகுநாளாகச் சிரிக்காத மனிதரின் சிரிப்பு. ஸ்டார்ட் ஆகாமல் கிடந்த வண்டி திடீரென்று ஸ்டார்ட் ஆனதுபோல, நிற்கவே இல்லை. சரியாக அந்த நேரத்தில்தான் மரக்கதவு திறந்தது.

குடையிலிருந்து தண்ணீர் சொட்ட ஓர் அம்மா நின்றார். தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். மேனேஜரம்மா கையை நீட்டித் தடுக்கப் போனார். அந்தம்மாவின் பார்வை ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. தன் கணவர். தன் நாற்காலி. அதில் கம்மல் போட்ட ஒரு பெண். இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"யாருங்க இது?"

கண்ணாடிக்காரர் எழுந்தார். "இல்ல... அது வந்து..." என்றார். இப்படித் தொடங்கிய எந்தக் கணவரும் கரை சேர்ந்ததில்லை.

ஜிப்பக்காவின் வாய் நிறைய மீன். கையை உயர்த்தி, ஒரு நிமிஷம் என்று சைகை காட்டினார். மற்ற ஏழு நாற்காலிகளும், மாஸ்டரும், மேனேஜரம்மாவும், வாசலில் நின்ற அந்தம்மாவும் அவர் மென்று முடிக்கக் காத்திருந்தார்கள்.

முழுங்கினார். "இவ்வளவு நேரமா நான்தாம்மா நீங்க."

"என்னது?"

"நீங்க வரலைன்னு உங்களுக்குப் பதிலா என்னை உக்கார வச்சாங்க. நான் பக்கத்துல தையல் கடை. உங்க நாற்காலிக்குத் துரோகம் பண்ணலைம்மா. நீங்க கார்ல விட்ட இடத்துலேருந்து நான் பிடிச்சுக்கிட்டேன். வேணும்னா சாரைக் கேளுங்க."

"ஆமாம்மா" என்றார் கண்ணாடிக்காரர் பரிதாபமாக. "உன்னைவிட இவங்க ஜாஸ்தி."

மேடையின் கோடியில் யாரோ களுக்கென்றார்கள். அந்தம்மா உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவரும் சிரித்துவிட்டார்.

ஜிப்பக்கா நாற்காலியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு விலகினார். "உக்காருங்க. பாதியை நான் தின்னுட்டேன், மன்னிச்சுக்குங்க. நல்லதெல்லாம் இனிமேதான் வரும்." கிளம்பப் போனவரின் மணிக்கட்டை அந்தம்மா பிடித்துக்கொண்டார். "நீங்க எங்க போறீங்க? இவர் என்னைப் பத்தி என்னென்ன சொன்னாரோ, ஒண்ணு விடாம சொல்லிட்டுப் போங்க."

ஒன்பதாவது நாற்காலி அங்கே கிடையாது. ஜிப்பக்கா அவர்கள் இருவருக்கும் பின்னால் நின்றார். மாஸ்டர் ஒரு கணம் கத்தியை வைத்தார், மறுபடி எடுத்தார். அடுத்த சுற்றில் எட்டு இடத்திலும் துண்டு வந்தது. ஒன்பதாவது, மேடைக்கு மேலே நீண்டு வந்து, நின்றவர் உள்ளங்கையில் விழுந்தது. பிறகு அங்கே நடந்தது விருந்தா, பஞ்சாயத்தா என்று சொல்வது கடினம். ஒரு குழந்தை மருத்துவர் மனைவி கட்சியில் சேர்ந்தார். வியாபாரக் கூட்டாளிகள் இருவர் கணவருக்காக வாதாடித் தோற்றார்கள். தியான சார் மட்டும் கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி இறுக மூடினார்.

மறுநாள் மகள் போனில் படித்துக் காட்டினாள். கண்ணாடிக்காரர் ஐந்து நட்சத்திரம். குழந்தை மருத்துவர் ஐந்து. கூட்டாளிகளில் ஒருவர் 'நல்ல கடை, ஆனால் நீதி கிடைக்கவில்லை' என்று எழுதி மூன்று. தியான சார் எழுதியிருந்தார்: 'உலகத் தரமான மீன். பேருந்து நிலையத்தின் அமைதி. ஒரு பெண்மணி நின்றுகொண்டே சாப்பிட்டார். ஒரு நட்சத்திரம்.' சான்றுக்குப் படமும் போட்டிருந்தார். ஜிப்பக்காவின் முதுகுப்பக்கம். அதில் கறுப்புச் சட்டையின் தையல் இரண்டு விரல் நீளத்துக்கு விட்டுப் போயிருந்தது தெளிவாகத் தெரிந்தது. நட்சத்திரத்தைவிட ஜிப்பக்காவுக்கு அதுதான் சுருக்கென்றது. "ஊருக்கெல்லாம் தைக்கறவ முதுகைப் பாத்தியாடீ!"

சாயங்காலம் மேனேஜரம்மா வந்தார். சுற்றி வளைத்துப் பேசினார். "மாஸ்டர் ஒண்ணும் சொல்லலைக்கா. ஆனா பெரிய பெரிய ஆளுங்க வர்ற இடம். இனிமே நாற்காலி காலியாவே இருக்கட்டும்னு பாக்கறேன்."

"அதுக்கென்னம்மா? கரும்பு தின்னேன், கூலியா கேக்கப் போறேன்? தின்ன வரைக்கும் லாபம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த நாள் நாலு மணிக்குத் தேநீரோடு வந்த பிஸ்கட்டைத் தின்றார். தின்றுவிட்டு, பிஸ்கட் நமுத்துப்போயிருக்கிறது என்று எதிர்க் கடைக்காரரோடு சண்டை போட்டார். அன்று வாயில் மூன்று ஊசிகள். கடைக்கு வந்தவர்கள் வேலையைக் கொடுத்துவிட்டு, பேச்சு எதுவும் கிடைக்காமல், ஏதோ மறந்தவர்கள் போல வாசலில் சற்று நின்றுவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்: "நான் வேணா ஒருநாள் மீன் வாங்கிட்டு வரட்டா? வேக வைக்காமலே தின்னலாம்." ஜிப்பக்கா தலையணையால் அடித்தார். அது நல்ல அறிகுறி என்று வீட்டுக்காரர் மகளிடம் சொன்னார்.

பத்து நாள் கழித்து மேனேஜரம்மா மறுபடி வந்தார். மாஸ்டரின் ஏப்ரன் நாடா அறுந்துவிட்டதாம். பத்து வினாடி வேலை. தைத்து முடிந்த பிறகும் அவர் போகவில்லை.

"முந்தாநாள் ஒரு நாற்காலி காலிக்கா. இவன் கை பழக்கத்துல எட்டாவது துண்டை அங்கயும் வச்சுட்டான். வச்சதைத் திருப்பி எடுக்கமாட்டான், கௌரவம். அது தனியா உக்காந்திருக்கு. பக்கத்துல இருந்தவர் அதையே பாக்கறார். 'யாராவது வர்றாங்களா?'ன்னு கேட்டார். வரலைன்னதும் டபக்குனு எடுத்து வாயில போட்டுட்டார். அப்புறம் ஒவ்வொரு சுத்துலயும் இவன் வைக்க, அவர் எடுக்க. ரெண்டு ஆள் சாப்பாடு! அவர் அஞ்சு ஸ்டார் போட்டிருக்கார். அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர், 'எனக்கு மட்டும் ஏன் ஒண்ணே ஒண்ணு?'ன்னு எழுதி ரெண்டு போட்டிருக்கார்."

ஜிப்பக்கா சிரித்த சிரிப்பில் ஊசி விரலில் குத்தியது. விரலை வாயில் வைத்துக்கொண்டும் சிரித்தார். மேனேஜரம்மாவும் சிரித்தார். ஆனால் 'வாங்க' என்று அவர் சொல்லவில்லை. 'வரட்டுமா' என்று இவர் கேட்கவில்லை. ஏப்ரன் போய்விட்டது.

நேற்று மதியம், ஒரு பயணப் பையின் ஜிப்பைப் பல் பல்லாகக் கோத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒருமுறை அடித்து நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்.

"வணக்கம். நாளைக்கு உங்களுக்கு எங்ககிட்ட ஒரு இருக்கை முன்பதிவு ஆகியிருக்குங்க. அதை உறுதிப்படுத்தத்தான் கூப்பிட்டேன்."

"மேனேஜரம்மா? நான் ஜிப்பக்கா பேசறேன். ராங் நம்பர் போட்டுட்டீங்க."

"சரியான நம்பர்தான்க்கா. அந்தக் கண்ணாடிக்காரர் சம்சாரம் மூணு நாற்காலி போட்டிருக்காங்க, அவங்க ரெண்டு பேருக்கும் உங்களுக்கும். இந்தத் தடவை பதிவு பண்ணினது அவர் இல்லை, அவங்களே. உங்க பேரு தெரியலை போல. 'அன்னைக்கு நானா இருந்தவங்க'ன்னு போட்டிருக்காங்க. நாளைக்கு மூணு பேர் ரத்து பண்ணியிருந்தாங்க, நான் உடனே நாளைக்கே இடம் ஒதுக்கிட்டேன்."

ஜிப்பக்காவுக்கு வார்த்தை வரவில்லை. இத்தனைக்கும் அப்போது வாயில் ஊசி இல்லை.

மேனேஜரம்மா மறுபடி அலுவலகக் குரலுக்கு மாறினார். "உங்களுக்கு ஒத்துக்காதது, பிடிக்காதது ஏதாவது இருக்குங்களா?"

பதிவு செய்தவர்கள் எல்லோரையும் முந்தின நாளே அழைத்து இதைக் கேட்பது அந்த உணவகத்தின் வழக்கம். பதிலுக்குப் போய் உட்காருகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. வராதவருக்கு எது ஆகாதோ, அது இவருக்கும் ஆகாது. வக்கீலுக்கு இறால் ஒத்துக்கொள்ளாத நாளில் ஜிப்பக்காவும் இறால் இல்லாமல்தான் எழுந்து வந்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கேள்வி அவரிடமே வந்திருக்கிறது. பயணப் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"சொல்லலாமா?"

"சொல்லணும்க்கா. மாஸ்டர் பக்கத்துலயே நிக்கறான்."

"கணவாய் வேணாம். சவ்வு சவ்வா இருக்கு. மூணு வருஷமா மெல்லாமலே முழுங்கிட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் மேனேஜரம்மா அதை அப்படியே திருப்பிச் சொன்னார். பிறகு மாஸ்டரின் குரலே கேட்டது: "முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"முதல்லயே கேட்டிருக்கலாமே!" என்றார் ஜிப்பக்கா.

போனை வைத்ததும் ஓர் அட்டையைக் கிழித்து, துணிக்குக் குறி போடும் சாக்கட்டியால் பெரிதாக எழுதி, கதவில் ஒட்டினார்: 'நாளை கடை ஐந்து மணிக்கு மூடப்படும்.' காரணம் எழுதவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வாயாலேயே சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.